பெரியவர்களுக்கான பணப்பாடம்: எட்டு வாரத் திட்டத்தில் எதை வெட்டலாம்?

கூழாங்கல் எழுதியது:

பெரியவர்களுக்கான நிதிக் கல்வி என்று தேடினால் ஒரே அச்சில் வார்த்த திட்டங்கள்தான் கிடைக்கின்றன. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம். வரவு செலவு, சேமிப்பு, வங்கிக் கணக்கு, கடன், காப்பீடு, முதலீடு, ஓய்வுக்காலம், மோசடி என்று வரிசை. முதல் வாரம் அறை நிறையும். ஐந்தாம் வாரம் நாற்காலிகள் காற்று வாங்கும். கடைசி நாள் கருத்துப் படிவத்தில் மிஞ்சியவர்கள் எல்லாரும் 'மிக நன்று' போடுவார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் செலவும் கடனும் பழைய தடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

இப்படி ஒரு திட்டத்தைத் திருத்தி எழுத வேண்டும். எதை வெட்டுவது? வகுப்புக்கு வெளியே என்ன செய்வது? மாற்றம் வந்ததா என்பதை எதை வைத்துச் சொல்வது? 'விழிப்புணர்வு பெருக வேண்டும்' ரகப் பதில்கள் வேண்டாம். நாளைக்கே வகுப்பில் வைத்துப் பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

கத்தியை எடுப்பதற்கு முன் ஒன்று. இந்த வேலை பலிக்குமா என்பதிலேயே ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை.

2014இல் ஃபெர்னாண்டஸ், லிஞ்ச், நெட்டமையர் மூவரும் 201 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதர்களின் பண நடத்தையில் தெரியும் வேறுபாட்டில், நிதிக் கல்வியைக் கொண்டு விளக்க முடிந்தது வெறும் 0.1 விழுக்காடு. பல மணி நேரம் நடத்திய பாடங்கள்கூட 20 மாதம் தாண்டினால் தடம் தெரியாமல் போயிருந்தன. 2022இல் கைசர், லுசார்டி, மென்கோஃப், உர்பான் நால்வரும் வேறு சல்லடையை எடுத்தார்கள்: குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து நடத்திய சோதனைகள் மட்டும். 33 நாடுகளில் 76 சோதனைகள், 1,60,000க்கும் மேற்பட்ட ஆட்கள். அறிவிலும் நடத்தையிலும் நற்பலன் தெரிந்தது. பலன் வேகமாகத் தேய்கிறது என்பதற்கும் வலுவான சான்று கிடைக்கவில்லை. ஆனால் அறிவில் வந்த முன்னேற்றத்தில் ஏறத்தாழப் பாதிதான் நடத்தையில் வந்தது.

'பலிக்கிறது', 'பலிக்கவில்லை' என்று இரண்டு கட்சி கட்டினால் நமக்கு ஒன்றும் கிடைக்காது. சராசரி என்பது நல்ல பாடத்தையும் உதவாத பாடத்தையும் ஒரே பாத்திரத்தில் கலக்கி எடுத்த கரண்டி. நமக்கு வேண்டியது அந்தப் பாதி எங்கே ஒழுகுகிறது என்பது: தெரிந்துகொண்டவர் ஏன் செய்யவில்லை?

முதல்வரி எழுதியது:

எதிர்க்கட்சி ஆள் ஒருவர் வேண்டுமே, நான் இருக்கிறேன். இந்தோனேசியாவில் கோல், சாம்ப்சன், ஜியா நடத்திய சோதனை (2011): வங்கிக் கணக்கு இல்லாதவர்களில் சிலருக்கு நிதிக் கல்வி, சிலருக்குக் கணக்குத் தொடங்கினால் சிறு ஊக்கத்தொகை. கணக்குத் தொடங்க வைத்தது ஊக்கத்தொகைதான். வகுப்பு பொதுவில் எடுபடவில்லை. ஆரம்ப அறிவு மிகக் குறைவாக இருந்தவர்களிடம் மட்டும் கொஞ்சம் அசைத்தது.

இன்னொன்று, பொருளாதார அறிஞர்கள் தேலரும் பெனார்ட்ஸியும் வடிவமைத்த சேமிப்புத் திட்டம். அடுத்த சம்பள உயர்வு வரும்போது சேமிப்பு விகிதம் தானாக ஏறட்டும் என்று இன்றே ஒப்புக்கொள்ள வைப்பது. சேர்ந்தவர்களின் சராசரி சேமிப்பு 40 மாதத்தில் 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதத்துக்கு ஏறியது. யாரும் கரும்பலகை முன் உட்காரவில்லை.

அப்படியிருக்க வகுப்பு எதற்கு?

தேன்கூடு எழுதியது:

முதல்வரி சொன்ன இரண்டாவது உதாரணத்திலேயே பதிலும் இருக்கிறது. முடிவு எடுக்கும் இடத்தில், எடுக்கும் நேரத்தில், கையெழுத்துப் போடும் படிவத்தோடு வந்ததால்தான் அது நடந்தது. வகுப்பையும் அந்த இடத்துக்கு நகர்த்துங்கள். 2014 கட்டுரையை எழுதியவர்களே இந்தப் பக்கம்தான் கை காட்டினார்கள்: தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவு.

பதிவு செய்யும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: "வரும் 90 நாளில் பணத்தைப் பற்றி நீங்கள் எடுக்க வேண்டிய முடிவு எது?" புதுக் கடன், பழைய கடனை அடைப்பது, கல்விக் கட்டணம், காப்பீடு, வேலை மாற்றம், ஒன்றும் இல்லை. ஆறில் ஒன்றைத் தொடட்டும். ஒரே விடையைத் தொட்டவர்கள் 12 முதல் 15 பேர் சேர்ந்தால் அதுதான் ஒரு வகுப்பு. 'ஒன்றும் இல்லை' என்றவர்களை இப்போது கூப்பிட வேண்டாம். தொலைபேசி எண்ணை வாங்கி வைத்து, முடிவு நெருங்கும்போது கூப்பிடலாம். ஐந்தாம் வாரம் காலியாகும் நாற்காலிகளில் நிறைய இவர்களுடையவைதான்.

வெட்ட வேண்டியதைக் கேட்டீர்கள். கலைச்சொல் விளக்கப் பட்டியல் முழுவதும். முதலீட்டு வகைகளின் வகைப்பாடு. கூட்டுவட்டிச் சூத்திரத்தை மனனம் செய்வது. 40 வரி வரவு செலவுப் படிவம். இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அந்தப் படிவத்தை யாரும் மூன்றாம் நாளுக்கு மேல் நிரப்புவதில்லை. ஐந்து வரி போதும்: கட்டாயமாகப் போவது, கடன் தவணை, அன்றாடம், எப்போதாவது வருவது, மிச்சம். 14 நாள் எழுதினால் அன்றாடச் செலவு பிடிபட்டுவிடும். ஆனால் 14 நாளில் பிடிபடாமல் நழுவுவது நான்காவது வரி. ஆண்டுக்கு ஒரு முறை வரும் கட்டணம், பழுது, மருத்துவம். அதற்குப் பன்னிரண்டு மாதத்துக்கும் ஒரு தனித் தாள் கொடுத்து, எந்த மாதம் என்ன வரும் என்று எழுதி, மொத்தத்தை 12ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான வீட்டுத் திட்டங்கள் உடைவது ஆடம்பரத்தால் அல்ல, இந்த வரியை விட்டதால்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடன் வகுப்புக்கு ஒரு செய்முறை. நிலையான வட்டிக்கும் (முதலில் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசிவரை போடுவது) குறையும் அசல் மீதான வட்டிக்கும் (இன்னும் பாக்கி இருப்பதற்கு மட்டும் போடுவது) உள்ள வித்தியாசம் பலகையில் சொன்னால் ஏறாது; கையில் ஏறும்.

தேவை: இருவருக்கு 12 கற்கள் (பொத்தான், தீக்குச்சி எதுவும் ஆகலாம்), ஒரு தாள். ஒரு கல் = 1,000. கடன் 12,000. விளம்பரத்தில் 'ஆண்டுக்கு 12 சதவீதம்'. ஓராண்டில் அடைக்க வேண்டும்.

ஒருவர் கடன் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர். மாதம் ஒரு கல் திரும்பிப் போகும். ஒவ்வொரு மாதத் தொடக்கத்திலும் வாங்கியவர் தன் கையில் எத்தனை கல் என்று எண்ணித் தாளில் எழுத வேண்டும். 12, 11, 10 என்று இறங்கி 1இல் முடியும். கூட்டினால் 78. ஒரு கல் ஒரு மாதம் கையில் இருந்தால் ஒரு கல்-மாதம்; அதாவது 78 கல்-மாதங்கள்தான் அவர் அந்தப் பணத்தை வைத்திருந்தார். ஒரு கல்லுக்கு மாதம் 1 சதவீதம், அதாவது 10. ஆக வட்டி 780.

இப்போது கடன் கொடுத்தவர் பில்லை நீட்டட்டும். நிலையான வட்டி: 12,000க்கு 12 சதவீதம், 1,440. 12 கல்லும் 12 மாதமும் கையில் இருந்தது போல, 144 கல்-மாதங்களுக்குப் போட்ட கணக்கு. திருப்பிக் கொடுத்துவிட்ட கல்லுக்கும் வட்டி.

இந்த இடத்தில் விளக்கம் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் பயிற்றுநரின் வேலை. ஒரு நிமிடம் தாங்காது, "கொடுத்த கல்லுக்கு எதுக்கு வட்டி?" என்று யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும்.

கெடுவது எங்கே என்றால், நேரம் மிச்சம் பிடிக்கப் பயிற்றுநரே மேசையில் செய்து காட்டிவிடுவார். பார்த்தவர்களுக்குப் புரிந்த மாதிரி இருக்கும், வீட்டுக்குப் போனால் இருக்காது. இன்னொன்று, சதவீதத்திலேயே தடுக்கி விழுபவர்கள். பேச்சில் 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2. அச்சடித்த தாளில் அதே ஆள் பார்ப்பது ஆண்டுக் கணக்கு. 'ரெண்டு வட்டி'யையும் 'ஆண்டுக்கு 18 சதவீத'த்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 18தான் பெரிதாகத் தெரியும். எதை வாங்குவது மலிவு என்று இந்த ஒரு கேள்வியை முதல் பத்து நிமிடத்தில் கேளுங்கள். வகுப்பின் மட்டம் தெரிந்துவிடும்.

மடித்தகாகிதம் எழுதியது:

கல் கணக்கு அருமை. ஆனால் எல்லாவற்றையும் இப்படிப் புரியவைத்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சில இடத்தில் எளிய விதி போதும்.

டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்பவர்களிடம் ட்ரெக்ஸ்லர், ஃபிஷர், ஷோவார் மூவரும் ஒப்பிட்டுப் பார்த்தது இதைத்தான் (2014இல் வெளியானது). ஒரு குழுவுக்கு முறையான கணக்குப்பதிவுப் பாடம். இன்னொரு குழுவுக்குக் கைவிதிகள்: கடைப் பணமும் வீட்டுப் பணமும் தனித்தனி இடத்தில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்தால் சீட்டு எழுதிப் போடு. கணக்குப்பதிவுப் பாடம் படித்தவர்களின் நடைமுறையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. கைவிதிக் குழுவில் இருந்தது. முன்பு கணக்கு வைக்கும் பழக்கம் குறைவாக இருந்தவர்களிடம் அதிகமாக.

கைவிதிக்கு என் அளவில் மூன்று தகுதி. செய்தோமா இல்லையா என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கணக்குப் போடத் தேவைப்படக் கூடாது. ஒரே மூச்சில் சொல்ல முடிய வேண்டும். 'சிக்கனமாக இரு' விதி அல்ல. 'சம்பளம் வந்த அன்றே, வேறெதற்கும் முன், இவ்வளவை மாற்று' விதி.

திருப்பிக்கேள் எழுதியது:

ஒரு வேடிக்கை. மாணவன் மூளையை உண்டியலாக நினைத்து ஆசிரியர் தகவலைப் போட்டுக்கொண்டே இருக்கும் கல்விக்குப் பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃப்ரெய்ரே வைத்த பெயரே 'வங்கி முறை'. நிதிக் கல்வி அந்தப் பெயருக்கு இவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டியதில்லை.

கைவிதியும் ஒரு வகையில் உண்டியலில் போடும் காசுதான். 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் கிடைக்கும் என்று சொல்லித்தருகிறோம். 8 சதவீதத்தில் 9 ஆண்டு, கச்சிதம். 36 சதவீதக் கடனுக்குப் போட்டால் 2 ஆண்டு என்று வரும், உண்மையில் 2.25 ஆண்டு. இங்கே பிசகு சின்னது. 'மூன்று மாதச் செலவுக்குச் சேமிப்பு வை' என்பதில் பிசகு பெரிது: மாதம் 3 சதவீத வட்டிக் கடன் கழுத்தில் இருப்பவர் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்ட வட்டியே தராத கணக்கில் பணத்தைப் பூட்டிவைத்தால் விதிக்குக் கீழ்ப்படிந்தே நஷ்டப்படுவார்.

மடித்தகாகிதம் எழுதியது:

ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் விதியோடு அதன் வேலியையும் அச்சடிக்க வேண்டும். "சேமிப்பு: முதலில் ஒரு மாதச் செலவு. வட்டி அதிகமான கடன் இருந்தால், அங்கேயே நிறுத்தி அதை அடை. பிறகு மூன்று மாதம்." அட்டையின் முன்பக்கம் விதி, பின்பக்கம் 'எப்போது இது பொருந்தாது'. வகுப்பில் பின்பக்கத்தைக் காட்டாமல், விதி உடையும் ஒரு குடும்பத்தின் கணக்கைக் கொடுத்து அவர்களையே எழுத வைக்கலாம். உங்கள் ஃப்ரெய்ரேவுக்கும் திருப்தி.

அளவுகோல் எழுதியது:

கால அமைப்புக்கு வருகிறேன். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் ஒரு பகுதியைச் சிலரை மறுபடி படிக்க வைத்தார்கள், சிலரைப் பாராமல் நினைவிலிருந்து எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தால் மறுபடி படித்தவர்கள் முன்னே: அவர்களுக்கு நினைவில் நின்றது நூற்றுக்கு 81, எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துத் தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் 56, படித்தவர்கள் 42. வகுப்பு முடிந்த கையோடு வாங்கும் தேர்வும் கருத்துப் படிவமும் ஏன் நம்மை ஏமாற்றுகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம்.

ஆகவே 16 மணி நேரத்தை இப்படிக் குறைக்கலாம். நான்கு வகுப்பு, ஒவ்வொன்றும் 75 நிமிடம். முதல் 10 நிமிடம் சென்ற வாரத்தை நினைவிலிருந்து எழுதுவது. மதிப்பெண் கிடையாது, தாளைத் திருப்பிக் கேட்கவும் கூடாது. பள்ளிக்கூடத்தில் அவமானப்பட்டவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். சிவப்பு மையைக் கண்டால் அடுத்த வாரம் வர மாட்டார்கள். நடுவில் 40 நிமிடம் ஒரே ஒரு முடிவு. கடைசி 25 நிமிடம் செய்வது: படிவம் நிரப்புவது, சேமிப்புக்குப் பணம் தானாகப் போகும்படி தானியங்கி மாற்றத்தை அமைப்பது, கடன்காரருக்குக் கடிதம் எழுதுவது. 'வீட்டில் போய்ச் செய்யுங்கள்' என்று அனுப்பும் வேலைகள்தான் நான் சொன்ன ஒழுகல்.

பிறகு 2 வாரம், 6 வாரம், 6 மாதம் கழித்து 20 நிமிடச் சந்திப்பு, தொலைபேசியில்கூட. மொத்தம் ஆறு மணி நேரம்.

முதல்வரி எழுதியது:

அகமதாபாத்தில் கார்பெனா, கோல், ஷபிரோ, ஜியா செய்ததும் இதே திசையில்தான். காணொளிப் பாடம் மட்டும் பார்த்தவர்களைவிட, அதோடு சொந்த இலக்கு குறித்துக்கொடுத்து, தனி ஆலோசனையும் பெற்றவர்கள் செயலில் மாறினார்கள். சரி, எதிர்க்கட்சி இருக்கையிலிருந்து பாதி எழுந்துவிட்டேன்.

நினைவூட்டல் குறுஞ்செய்தியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் சேமிப்பை நினைவூட்டும் செய்தி சேமிப்பை உயர்த்தியது. அவரவர் இலக்கையும் சேமித்தால் கிடைக்கும் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குறிப்பிட்டபோது கூடுதலாக. 'சேமிப்பு நல்லது' என்று அனுப்பாமல், 'கூரை வேலைக்கு இந்த மாதப் பங்கு' என்று அனுப்ப வேண்டும். பணம் வரும் நாளிலோ அதற்கு முந்திய நாளிலோ. மாதக் கடைசியில் அனுப்பினால் அது நினைவூட்டல் அல்ல, குத்திக்காட்டல்.

தேன்கூடு எழுதியது:

மோசடி வகுப்பைக் கடைசி வாரத்தில் தள்ளாதீர்கள், அது எல்லாருக்கும் இன்றைக்கே நேரக்கூடியது. மோசடி வகைகளைப் பட்டியல் போடுவதால் பயன் குறைவு, வகை மாறிக்கொண்டே இருக்கும். மாறாதது அழுத்தும் முறை: அவசரம், ரகசியம், அதிகாரக் குரல். இருவர் இருவராக உட்கார்ந்து 'நான் யோசித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன்' என்று சொல்லித் தொடர்பைத் துண்டிக்கும் ஒத்திகை, ஆளுக்கு மூன்று முறை, சத்தமாக. மனதுக்குள் சொல்லிக்கொண்டால் கணக்கில் சேராது.

சோதிக்கும்போது போலிச் செய்திகளை மட்டும் காட்டினால் எல்லாவற்றையும் 'போலி' என்று சொல்பவர் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார். பத்துச் செய்தியில் ஐந்து உண்மையானதாக இருக்கட்டும். இரண்டு வகைத் தவற்றையும் தனித்தனியாக எண்ணுங்கள். வங்கியிலிருந்து வந்த நிஜ எச்சரிக்கையைத் தள்ளிவிடுவதும் இழப்புத்தான்.

அளவுகோல் எழுதியது:

மூன்றாவது கேள்வி, அளப்பது. பயிற்சியை மதிப்பிட 1959இல் கிர்க்பாட்ரிக் என்பவர் பிரித்த நான்கு படிகள் இன்றும் உதவும்: பிடித்ததா, கற்றாரா, செய்தாரா, பலன் வந்ததா. நம் படிவங்கள் முதல் படியிலேயே குடித்தனம் நடத்துகின்றன.

அறிவுக்கு லுசார்டி, மிட்செல் இருவரின் மூன்று கேள்விகள் போதும்: வட்டி, பணவீக்கம், ஒரே பங்கில் போடுவதா பரப்புவதா. ஒவ்வொன்றிலும் 'தெரியாது' என்ற விடையை எடுத்துவிடாதீர்கள். தெரியாதவரையும் தவறாக நம்புபவரையும் ஒரே கூடையில் போட்டால் பாடத்தை எங்கே திருத்துவது என்று தெரியாமல் போகும். வகுப்புக்குப் பின் 'தெரியாது' குறைந்து 'தவறு' கூடியிருந்தால், அறிவுக்குப் பதில் தன்னம்பிக்கையை மட்டும் கொடுத்திருக்கிறோம்.

நடத்தைக்கு வாய்மொழி வேண்டாம். 'சேமிக்கிறீர்களா?' என்றால் பயிற்றுநர் மனம் கோணாத பதில்தான் வரும். சம்மதம் வாங்கிக்கொண்டு, காட்டக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: தாமதக் கட்டணம் இல்லாத மாதங்கள் எத்தனை, தானியங்கி மாற்றம் இன்னும் ஓடுகிறதா.

விண்ணப்பம் அதிகம் வந்தால் குலுக்கிப் பாதிப் பேரை இப்போதும் மீதிப் பேரை ஆறு மாதம் கழித்தும் அழையுங்கள். இரண்டாம் பாதிதான் ஒப்பீடு. கணக்கெடுக்கும்போது பதிவு செய்த எல்லாரையும் எண்ண வேண்டும், முடித்தவர்களை மட்டும் அல்ல. முடித்தவர்கள் வகுப்பு இல்லாவிட்டாலும் ஒழுங்காக இருந்திருக்கக்கூடியவர்கள்.

திருப்பிக்கேள் எழுதியது:

பயிற்றுநர் பக்கம் யாரும் பேசவில்லை. பயிற்றுநருக்குப் பயிற்றுநர், அவருக்குக் கீழ் இன்னொருவர் என்று மூன்று தட்டு இறங்கும்போது முதலில் உதிர்வது செய்முறைதான். கல் காணாமல் போய்ப் படக்காட்சி வந்துவிடும். வகுப்பைப் பார்க்கப் போகிறவர் கையில் கடிகாரம் மட்டும் இருந்தால் போதும்: 75 நிமிடத்தில் பயிற்றுநர் பேசியது எத்தனை நிமிடம்? 30ஐத் தாண்டினால் பாடம் பழைய இடத்துக்குப் போய்விட்டது.

திருத்தும்போது ஒரு சுற்றுக்கு ஒரே மாற்றம். கையேட்டில் பதிப்பு எண் போடுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று பிறகு சண்டைதான் மிஞ்சும்.

செலவை யார் ஏற்கிறார்கள் என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கடனோ காப்பீடோ விற்பவர் காசு கொடுத்தால் அறையில் விண்ணப்பப் படிவம் இருக்கக் கூடாது. தேன்கூடு சொன்ன 'முடிவு எடுக்கும் இடத்தில் வகுப்பு' இங்கேதான் வழுக்கும். விற்பனைக்கும் பாடத்துக்கும் நடுவில் ஒரு மேசைதான் தூரம்.

கூழாங்கல் எழுதியது:

குறித்துக்கொண்டேன். முதல் சுற்று: புதுக் கடன் வாங்கப்போகிறவர்கள் மட்டும், 15 பேர், நான்கு வகுப்பு, கல் கணக்கு இரண்டாவதில். மோசடி ஒத்திகை முதல் வகுப்பிலேயே. மற்ற ஆறு தலைப்பையும் இந்தச் சுற்றில் தொடவில்லை.

ஒரு சந்தேகம். கல் கணக்கில் வட்டி 780. 12,000க்கு மாதம் 1 சதவீதம், 12 சமத் தவணை என்று தவணைக் கணிப்பானில் போட்டால் தவணை 1,066.19, மொத்த வட்டி 794 வருகிறது. வகுப்பில் யாராவது கைபேசியில் போட்டுப் பார்த்துவிட்டு 14 எங்கே என்று கேட்டால்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேட்பார்கள், கேட்க வேண்டும். கல் கணக்கில் அசல் மாதம் சரியாக 1,000 குறைகிறது. அதனால் மொத்தத் தவணை முதல் மாதம் 1,120, கடைசி மாதம் 1,010. சமத் தவணையில் முதல் மாதம் 1,066.19இல் 120 வட்டிக்குப் போய், அசல் 946 மட்டும் குறைகிறது. கல் கொஞ்சம் மெதுவாகத் திரும்புகிறது, கொஞ்சம் கூடுதல் நாள் கையில் இருக்கிறது. அந்தக் கூடுதல் நாளின் வாடகை 14.

கேட்டவரிடமே முதல் மாதக் கணக்கைப் போடச் சொல்லுங்கள். வட்டிக்கு வேறு நிறக் கல் எடுத்து வையுங்கள், ஒரே நிறமாக இருந்தால் அசலோடு கலந்து எண்ணிவிடுவார்கள்.